ஒருபக்கக் கோடுகள்

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில் நாங்கள் எட்டுப் பெண்கள் உட்காரும் இடத்துக்குக் கேஜ் என்று பெயர். தங்கச் சுரங்கம் ஓடிய நாளில் ஆட்களைப் பூமிக்குள் இறக்கிய இரும்புக் கூண்டை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். சுரங்கம் மூடியது, ஊரே பெங்களூருக்கு வேலைக்கு ஓடத் தொடங்கியது, அந்தச் சொல்லும் சும்மா இருக்கப் பிடிக்காமல் ரயிலேறிவிட்டது. எதிரெதிரே மும்மூன்று பேர் உட்கார வேண்டிய இரண்டு பலகைகளில் நான்கு நான்கு பேராக நெருக்கி உட்கார்ந்தால் அது ஒரு கேஜ். அதில் இடம் கிடைப்பது லேசான காரியமில்லை. எனக்குக் கிடைக்க ஒரு வருஷம் ஆயிற்று. அதுவும் ஒருத்தி கல்யாணமாகிச் சேலத்துக்குப் போனதால் கிடைத்தது.

நான் கணக்குக்காரி. மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பழகுவதைச் சமன்பாடாக எழுதிப் பார்ப்பது என் ஆராய்ச்சி. அதைச் சொன்னாலே எங்கள் தெருவில் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆனால் முதன்முதலாக அந்தச் சமன்பாட்டைக் கரும்பலகையில் பார்த்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது என்பதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன். ஆள் ஒரு புள்ளி. இரண்டு பேர் பேசினால் இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே ஒரு கோடு. பேசப் பேசக் கோடு கொஞ்சம் தடிக்கும், பேசாத ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இளைக்கும். ஓர் அளவுக்கு மேல் இளைத்தால் அழித்துவிடுவோம். எத்தனை வேகத்தில் தடிக்கிறது, எத்தனை வேகத்தில் இளைக்கிறது என்ற இரண்டே எண்கள் போதும். ஒரு வதந்தி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு எத்தனை நாளில் போகும், ஒரு கூட்டம் எப்போது இரண்டாக உடையும் என்றெல்லாம் கணித்துவிடலாம். இத்தனை பெரிய உலகத்தின் சண்டையும் சமாதானமும் இரண்டு எண்களுக்குள் அடங்குகிறதே என்று நான் வாயைப் பிளந்தேன். இன்றைக்கும் அந்தப் பிளந்த வாய் முழுசாக மூடவில்லை.

என் வழிகாட்டி, மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர், அதிகம் பேசாதவர். நிஜ மனிதர்களிடமிருந்து தகவல் எடுத்துவந்தால்தான் இந்தக் கணக்குக்கு மதிப்பு என்றார். வேறு எங்கே போவது? எங்கள் கேஜையே எடுத்துக்கொண்டேன். முதலில் ஒரு செயலியைப் போனில் ஏற்றச் சொல்லிப் பார்த்தேன். ஆண்டர்சன்பேட்டையிலிருந்து வரும் அக்காதான் எங்கள் கேஜுக்குத் தலைவி மாதிரி. உடுப்புத் தைக்கும் ஃபேக்டரியில் செக்கர். ஒரு சட்டையை இரண்டு விநாடி பார்த்துத் தையல் விட்ட இடத்தில் விரலை வைப்பவர். போன் உறைக்குள் சின்னதாக ஒரு புத்தர் படம் வைத்திருப்பார்.

"என் போன்ல ஒண்ணியும் ஏத்தாத பாப்பா. எனக்குத் தெரியாம அது என்னைப் பாத்துக்கினு இருக்கும்" என்றார்.

அதனால் அட்டை போட்டேன். கையகல அட்டை, அதில் ஒரே கேள்வி: கடந்த ஒரு நாளில் யார் யாருடன் பேசினீர்கள்? பெயர் எழுதக்கூடாது என்பது ஆராய்ச்சி விதி. ஆளுக்கு ஓர் எண் கொடுத்தேன். அக்கா ஒன்று, நான் எட்டு. காலையில் எல்லாரும் கிறுக்கிக் கொடுப்பார்கள், திங்கட்கிழமை என்றால் சனிக்கிழமைச் சாயங்காலத்தையும் சேர்த்து; கிருஷ்ணராஜபுரம் வருவதற்குள் நான் வாங்கி அடுக்கிவிடுவேன்.

"இன்னா பாப்பா, யாரு யாருகிட்ட பேசறாங்கன்னு எழுதிக் குடுத்தா டாக்டர் பட்டம் குடுப்பாங்களா? அப்ப எங்க லைன் வூட்டாண்ட எல்லாப் பொம்பளைங்களும் டாக்டர்தான்" என்றார் அக்கா. கேஜே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் ஆறாம் எண்.

ஆறைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆண்டர்சன்பேட்டையில் சுரங்கத் தொழிலாளருக்கென்று வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீட்டுக்காரி. பெங்களூரில் ஓர் அலுவலகத்தில் ரிசப்ஷன் மேஜையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடற்குழுவில் முதல் வரிசை. எங்கள் கேஜில் மாரிக்குப்பத்தில் ஏறுகிறவர்கள் நான்கு பேர், என்னைப்போல ராபர்ட்சன்பேட்டையிலிருந்து வந்து உரிகத்தில் ஏறுகிறவர்கள் நான்கு பேர். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே சதா போய்வந்துகொண்டிருந்த பாலம் அவள்தான். அந்தப் பக்கத்துக் கொழுக்கட்டை இந்தப் பக்கம் வரும், இந்தப் பக்கத்து மருமகள் பேச்சு அந்தப் பக்கம் போகும். என் கணினித் திரையில் அவளுடைய புள்ளியிலிருந்து கோடுகள் எல்லாத் திசையிலும் தடித்துக் கிடந்தன. அழகாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் வரைந்ததிலேயே அழகான படம் அதுதான்.

ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. ஞாயிறு காலை பல் தேய்க்கும்போது வாயிலிருந்த தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்திருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் தொங்கிக் கிடக்கிறது. முகவாதம். கோலாரில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் நாள் பிடிக்கும் என்றாராம். அலுவலகத்தில் மூன்று மாதம் விடுப்புக் கொடுத்தார்கள். அதற்குள் வராவிட்டால் அந்த நாற்காலியில் வேறொருத்தி உட்காருவாள் என்றும் பக்குவமாகச் சொல்லிவிட்டார்கள்.

வேலைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. அவளேதான் போகவில்லை. முகத்தை வைத்துப் பிழைக்கிறவள், இந்த முகத்தோடு எங்கே போய் உட்காருவேன் என்று போனை அணைத்துவிட்டாள். போனவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. நானும் முதல் வாரம் ஒருநாள் போனேன். அவள் அம்மா வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் வாங்கிப்போன ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். இன்னொரு முறை போகவில்லை. ஆராய்ச்சி தலைக்கு மேல் இருந்தது என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம்.

கேஜில் அவள் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. சன்னலோரம், அவள் எப்போதோ மறந்துவிட்டுப் போன பச்சைக் கர்ச்சீப்பை அக்கா தினமும் பையிலிருந்து எடுத்து விரித்து வைப்பார். பங்காருப்பேட்டையில் ஏறும் கூட்டம் முறைக்கும். "ஆளு வருது" என்பார் அக்கா, முகத்தை மாற்றாமல். எட்டு வாரம், ஒன்பது வாரம், ஆள் வந்துகொண்டே இருந்தது. இது பாசம்தான், ஆனால் கணக்குக்கு உதவாத பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏனென்றால் கணக்கு வேறு சொல்லிற்று. ஆறின் கோடுகள் ஒவ்வொன்றாக இளைத்து, ஏழாம் வாரத்தில் எல்லாமே அழிந்தன. பாலம் போனதால் மாரிக்குப்பக் கூட்டமும் உரிகக் கூட்டமும் பதினைந்தாம் வார வாக்கில் பிரிந்துவிடும் என்றது. இத்தனை நாள் கோடில்லாமல் கிடந்த புள்ளி திரும்பச் சேருவதற்கு வாய்ப்பு ஏறக்குறைய இல்லை என்றது. அதாவது அவள் வரமாட்டாள். எனக்கு வருத்தமாக இருந்தது, அதே சமயம், என்னவென்று சொல்ல, கணக்கின் மேல் பெருமையாகவும் இருந்தது. படத்தை வழிகாட்டியிடம் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்று தலையசைத்தவர், கடைசியில் ஒன்று கேட்டார்: எத்தனை பதிவுகளைக் கழித்தாய்?

விதி ஒன்று உண்டு. இரண்டு பேர் பேசியதாக இரண்டு பேர் அட்டையிலும் இருந்தால்தான் கோடு. ஒருத்தி மட்டும் எழுதியிருந்தால் மறதி அல்லது தப்பு என்று கணினி அதைத் தானே தூக்கிப் போட்டுவிடும். கழித்ததைத் திறந்து பார்த்துவிட்டு வா, பிறகு கட்டுரை எழுது என்று அனுப்பிவிட்டார். எனக்குச் சுர்ரென்று வந்தது. குப்பையைக் கிளறச் சொல்கிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே திறந்தேன்.

குப்பையில் இரண்டே எண்கள்தான் கிடந்தன.

முதலாவது ஆறு. ஆறு வரவே இல்லை, அவளிடம் அட்டையும் இல்லை. ஆனாலும் முதல் வாரம் போனதிலிருந்து தினமும் யாரோ ஒருத்தி, ஆறோடு பேசினேன் என்று எழுதியிருந்தாள். ஒருநாள் ஒன்றாம் எண் அட்டையில், மறுநாள் இரண்டு, பிறகு மூன்று, நான்கு, ஐந்து, ஏழு. அடுத்த வாரம் மறுபடி ஒன்று. மறதி இத்தனை ஒழுங்காக வரிசையில் நின்று பார்த்ததில்லை.

இரண்டாவது எட்டு. நான். என் அட்டையில் நான் தினமும் எல்லாரோடும் பேசியதாக எழுதியிருக்கிறேன். மற்றவர் அட்டை ஒன்றிலும் எட்டு இல்லை. ஒருநாள்கூட இல்லை. படத்தில் என் புள்ளி ஓரத்தில் தனியாக நின்றது எனக்குத் தெரியும். ஆராய்ச்சி செய்கிறவள் ஒதுங்கி நிற்பது முறைதானே என்று அதை நான் சட்டை செய்ததே இல்லை.

மறுநாள் ரயிலில் அக்காவைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கத்தினேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். வராத ஆளோடு பேசினதா எழுதுவீங்களா, என் மூணு வருஷ உழைப்புக்கா இது என்று கேட்டேன். பக்கத்துக் கேஜ்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அக்கா டிபன் டப்பாவை மூடினார். "பொய் எழுதல பாப்பா. ஒரு நாள்ல யாருகிட்ட பேசனேன்னுதான கேட்டே? ரயிலுக்குள்ளன்னு கேக்கலியே. சாயந்திரம் எறங்கி நாளுக்கு ஒருத்தியா அவ வூட்டாண்ட போறோம். கதவத் தட்டறதில்ல. சன்னலு மூடிக் கெடக்கும். வெளிய நின்னுக்கினு அன்னிக்கி நடந்தத சொல்லிட்டு வருவோம். அவ ஒண்ணும் பேச மாட்டா. போன மாசத்துலேர்ந்துதான் உள்ளேர்ந்து ஊம் கொட்டுறா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உரிகத்தில் என்னோடு இறங்க வேண்டிய நான்காம் எண், சில சாயங்காலங்களில் இறங்காமல் மாரிக்குப்பம் வரை போவாள். அங்கே சொந்தக்காரர் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஆண்டர்சன்பேட்டைக்குப் போய் மூடின சன்னலோடு பேசிவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பியிருக்கிறாள். காலையில் மூவர் நால்வராகத் தலையை ஒட்டிக்கொண்டு குசுகுசுத்தது, நேற்று யார் போனது, இன்று எவள் முறை, அவள் ஊம் கொட்டினாளா என்பதைத்தான். பாலம் போனால் உடையும் என்று நான் சொன்ன கேஜ் அந்த இல்லாத ஆளைச் சுற்றி முன்னைவிட இறுகிப் போயிருந்தது. நான் நடுவில் உட்கார்ந்து அட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஏங்க்கா சொல்லல?"

"நீ எழுதிடுவியே. யாரும் பாக்கக்கூடாது, பேசக்கூடாதுன்னு அவ கெடக்குறா. ஆனா நீ அட்டையில கேட்டதுக்குப் பொய் எழுத எங்களுக்கு மனசு வரல."

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு அடுத்ததைக் கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துதான் இருந்தது. "என்கூடப் பேசினதா ஏன் யாருமே எழுதல?"

அக்கா என்னைச் சட்டையைப் பார்ப்பதுபோல இரண்டு விநாடி பார்த்தார். "நீ எங்க பேசனே? எத்தினி பேரு, எந்நேரம், எவ்ளோ நேரம்னு கேட்டே. கேக்குறது பேச்சாயிடுமா கண்ணு?"

விரல் தையல் விட்ட இடத்தில் சரியாக வந்து நின்றது. எட்டு என்ற எண்ணை எனக்கு நானே போட்டுக்கொண்டு, கேஜில் எட்டு பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்கள் கணக்கில், ரயிலுக்கு வராத ஆறும் சேர்த்து, ஏழு பேர்தான் இருந்தார்கள்.

"திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் ஆறு பேரு ஆறு நாளு. ஞாயித்துக்கெழம சும்மாதான் கெடக்குது. போறதுன்னா போ. அட்ட எடுத்துக்கினு போவாத" என்றார் அக்கா.

அப்போது அலுவலகம் கொடுத்த கெடுவில் மிச்சமிருந்தது ஒரே வாரம்.

ஞாயிறு காலை போனேன். லைன் வீடுகளில் எல்லாரும் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள், சந்து அமைதியாக இருந்தது. மூடிய மரச்சன்னல். நின்றேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. ரயிலில் மணிக்கணக்காக உட்கார்ந்த ஒருத்தியிடம் சொல்ல என்னிடம் ஒரு விஷயமும் இல்லை. அக்கா மாமியார் கதை சொல்லியிருப்பார், நான்காம் எண் கொழுக்கட்டைக் கதை சொல்லியிருப்பாள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதைத்தான் உளறினேன். புள்ளி, கோடு, தடிப்பது, இளைப்பது, எல்லாவற்றையும் மூடிய சன்னலுக்குச் சொன்னேன். கணக்குப்படி அவள் கோடுகளெல்லாம் அழிந்துவிட்டன என்று சொன்னேன். அவள் திரும்ப வரமாட்டாள் என்று கணினி சொல்வதையும் சொல்லிவிட்டேன். நோயில் படுத்தவளிடம் போய் யாராவது இப்படிச் சொல்வார்களா? நான் சொன்னேன். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக முடிந்ததே என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

பிறகு உள்ளேயிருந்து குழறிக் குழறி ஒரு குரல். "படம் வச்சிக்கினு இருக்கியா?"

அட்டைதான் எடுத்துப் போகக்கூடாது. படம் பையில் இருந்தது. மடித்துச் சன்னல் இடுக்கு வழியாக உள்ளே விட்டேன்.

"இதுல ஆறு நானா?"

"ஆமா."

"இன்னாடி இது, ஒண்டியா மொட்டையா நிக்குறேன்." பிறகு, "இந்த ஓரத்துல இன்னொண்ணும் தனியா நிக்குதே, எட்டு, அது யாரு?"

"நான்தான்."

"உனுக்கு முகவாதம் கூட வரலியே. உனுக்கேன் ஒரு கோடும் இல்ல?"

சன்னல் திறந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் மட்டும் சிரித்தது, மறுபக்கம் சும்மா இருந்தது, அந்தப் பக்கக் கண்ணில் நீர் நின்றது. அந்தப் பாதிச் சிரிப்பு எனக்குப் போதுமாக இருந்தது. நான் தேம்பித் தேம்பி அழுதேன், அவள் கம்பி வழியாகக் கையை நீட்டி என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அதற்குப் பிறகு நான் பேசினேன். பேசினேன் என்றால், என் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துச் சலித்த கதை, ஹாஸ்டல் நாட்களில் ராத்திரி பயத்தில் விளக்கை அணைக்காத கதை, யாரிடமும் சொல்லாதது எல்லாம். சர்ச் முடிந்து ஆட்கள் திரும்பும் சத்தம் கேட்டதும் அவள் சன்னலைச் சாத்திவிட்டாள். நாளைக்கு வருவாயா என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்டுப் பழகின வாயை அன்றைக்கு மட்டும் அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மத்தியானம் முழுக்கச் சமன்பாட்டோடு உட்கார்ந்தேன். ஒருத்தி மட்டும் எழுதும் கோட்டுக்கும் ஓர் உறுப்புச் சேர்த்தேன். கை நீட்டாத ஆளை மற்றவர்கள் முறை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தக் கோடு இளைக்காது என்று எழுதினேன். எழுதிப் பார்த்தால் கேஜ் உடையவே இல்லை. வழிகாட்டி பின்னால் இதைப் பார்த்துவிட்டு, இந்த உறுப்பை யார் யோசித்தது என்று கேட்டார். சட்டை பார்க்கும் ஒரு செக்கர் என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார், வேடிக்கைக்கு அல்ல, மரியாதைக்கு. எத்தனையோ மேதைகள் எழுதிய சமன்பாடுகளைக் கண்டு வியந்திருக்கிறேன். ஏழாங்கிளாஸோடு படிப்பை விட்ட அக்கா ஒரு கர்ச்சீப்பையும் ஆறு சாயங்காலங்களையும் வைத்துச் செய்துகாட்டியதை நினைத்தால் அந்த வியப்பெல்லாம் சின்னதாகப் போய்விடுகிறது.

ஆனால் புது உறுப்பு கூட அவள் வருவாள் என்று சொல்லவில்லை. வரலாம் என்றது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை உரிகத்தில் ஏறினேன். சன்னலோரத்தில் பச்சைக் கர்ச்சீப்பைக் காணோம். யாரோ ஒருத்தி துப்பட்டாவைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எவள் இவள், எப்படி விட்டீர்கள் என்று அக்காவிடம் பாயப் போனேன். அக்கா என்னைக் கண்டுகொள்ளாமல், நேற்று வாங்கின அவரைக்காய் முற்றல் என்று இரண்டாம் எண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாருமே ரொம்பச் சாதாரணமாக இருந்தார்கள். அந்தச் சாதாரணத்துக்கு அவர்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது கழுத்து நரம்புகளில் தெரிந்தது. துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு கை என் பக்கம் நீண்டது. அதில் பச்சைக் கர்ச்சீப் சுருட்டியிருந்தது, வாயோரம் துடைக்க.

"அட்டயக் குடுடி. என் கணக்க நான் எழுதறேன்."

கொடுத்தேன். எழுதி மடித்துத் தந்தாள். நான் பிரித்துப் பார்க்கவில்லை. அன்று ரயிலில் நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, அவரைக்காயைப் பற்றி எனக்குத் தெரிந்த இரண்டு வார்த்தையைச் சொன்னேன்.

பெங்களூரில் என் மேஜைக்குப் போய் அட்டைகளை ஏற்றினேன். கடந்த ஒரு நாளில் யாருடன் பேசினீர்கள்? ஆறின் அட்டையில் எல்லாருக்கும் முதலில், கோணலான கையெழுத்தில், எட்டு. என் அட்டையில் ஆறு. இரண்டும் ஒத்துப்போயின. கணினி அந்தக் கோட்டைத் தூக்கி எறியவில்லை.